படியேறும் கதிரையைக் கழற்றிப் பூட்டுதல்

கழற்றுவதற்குக் கை போதும். பூட்டுவதற்குத் தலையும் வேண்டும் என்று எங்கள் பாடசாலைக்கு அருகிலே துவிச்சக்கர வண்டி திருத்தும் முதியவர் ஒருவர் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தச் சொல்லின் பொருளை நான் முழுமையாக உணர்ந்தது, ஐம்பது வயதைக் கடந்த பின்னர், இலண்டன் மாநகரிலே ஒரு மாடிப்படியின் அடியில் கையிலே திருகாணியுடன் முழந்தாளிட்டிருந்த வேளையிலாகும். படியேறும் கதிரை ஒன்றின் இருக்கையைக் கழற்றி மீண்டும் பூட்டிய அந்த அனுபவத்தைக் கொண்டு, அக்கருவி எவ்வாறு இயங்குகின்றது, அதன் இருக்கையை வீட்டுக்காரர் தாமே பூட்டும்போது கவனிக்க வேண்டியவை எவை, எந்த எல்லைக்கு அப்பால் நாம் கைவைத்தல் ஆகாது என்பனவற்றை இன்று நேயர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

எங்கள் நாட்டு வீடுகளிற் பெரும்பாலானவை ஒரே தளத்தில் அமைந்தவை. இங்கிலாந்திலோ, நிலம் அரிதாகையால், ஒடுங்கிய இருமாடி வீடுகள் வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்டிருக்கின்றன. கீழே சமையலறையும் இருக்கும் அறையும். மேலே படுக்கையறைகளும் குளியலறையும். இடையிலே பன்னிரண்டு, பதின்மூன்று படிகள். இளமையில் அப்படிகளை ஒருவர் எண்ணிப் பார்ப்பதில்லை. முழங்கால் தேய்ந்த பின்னரோ ஒவ்வொரு படியும் ஒரு மலையாகின்றது. பிள்ளைகளுடன் வாழச் சென்ற எம்மவர் முதியோர் பலருக்கு இன்று இந்நிலைமை நேர்ந்துள்ளது. 74 வயதான என் தமக்கையாரும் அவர்களுள் ஒருவர்.

இத்தகையோருக்காக ஏற்பட்டதே படியேறும் கதிரை. கருத்து அளவில் அது புதியதன்று. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி, 1536ஆம் ஆண்டு குதிரைப் போட்டியொன்றிற் காயமுற்றவர். பிற்காலத்தில் அவருடைய அரண்மனையிலே ஆட்கள் கயிறும் கப்பியும் கொண்டு இழுத்தேற்றும் கதிரையொன்று இருந்தது என்று வரலாற்றாசிரியர் டேவிட் ஸ்டார்க்கி 2009ஆம் ஆண்டில் எடுத்துக் கூறினார். மின்சாரத்தால் இயங்கும் கதிரையை 1920களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ்பன் என்பவர் அமைத்தார். மன்னருக்கு ஆட்கள் செய்த வேலையை இன்று சாதாரண வீட்டிலே சிறிய மோட்டார் ஒன்று செய்கின்றது.

இக்கருவியின் உறுப்புகளை முதலில் அறிந்துகொள்வோம். படிகளின் ஓரமாக, பெரும்பாலும் சுவரிலன்றிப் படிகளிலேயே பொருத்தப்பட்ட தண்டவாளம் ஒன்று உண்டு. அதன் நீளத்துக்குப் பற்கள் வெட்டப்பட்ட சட்டம் அமைந்திருக்கும். தண்டவாளத்தின் மேல் ஊர்ந்து செல்லும் பெட்டி போன்ற பகுதியை வண்டி என்று அழைப்போம். மோட்டார், அது சுழற்றும் பற்சில்லு, தடுப்பு, பற்றறிகள் ஆகியன வண்டிக்குள்ளே இருக்கின்றன. பற்சில்லு சட்டத்தின் பற்களைப் பற்றிப் படிப்படியாக ஏறுகின்றது. வண்டியின் மேலே இருக்கை; கீழே காலை வைக்கும் பலகை. ஐரோப்பிய நியமத்தின்படி இதன் வேகம் வினாடிக்கு 0.15 மீற்றரை மிஞ்சுதல் கூடாது. அஃதாவது, முழுப் படிக்கட்டையும் ஏறி முடிக்க ஏறக்குறைய அரை நிமிடமோ அதற்குச் சற்று மேலோ ஆகும்.

பலர் அறியாத செய்தி ஒன்று இங்குண்டு. தற்காலக் கதிரைகளிற் பெரும்பாலானவை சுவரிலிருந்து வரும் மின்சாரத்தால் நேராக ஓடுவதில்லை. வண்டிக்குள்ளே 12 வோல்ற்றுப் பற்றறிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ற்று அழுத்தத்தைத் தருகின்றன. சுவர் மின்சாரம் செய்வதெல்லாம், வண்டி தண்டவாளத்தின் மேல்முனையிலோ கீழ்முனையிலோ தங்கி நிற்கும்போது அப்பற்றறிகளுக்கு மின்னேற்றுவதேயாகும். மின்தடை ஏற்பட்டாலும் முதியவர் நடுப்படியில் அகப்பட்டுக்கொள்ளாதிருக்க இந்த ஏற்பாடு உதவுகின்றது. ஆனால் திருத்த வேலை செய்வோன் இதிலிருந்து வேறொன்றையும் அறிதல் வேண்டும். சுவரிலே செருகியைக் கழற்றிவிட்டால் மட்டும் கதிரை உயிரற்றதாகிவிடாது. வண்டியில் உள்ள தனி ஆளியையும் நிறுத்தி, சாவியிருந்தால் அதையும் எடுத்துவிடுதல் வேண்டும்.

என் தமக்கையார் வீட்டில் நடந்ததைச் சொல்கின்றேன். சென்ற பாடசாலை விடுமுறையில் நான் ஹரோப் பகுதியில் உள்ள அவருடைய இல்லத்துக்குச் சென்றிருந்தேன். படிக்கட்டிலே கிழிந்திருந்த கம்பளத்தை மாற்றுவதற்கு ஆட்கள் வந்தார்கள். கதிரையின் இருக்கை இடைஞ்சலாக இருந்தமையால் அதைக் கழற்றித் தரும்படி கேட்டார்கள். என் மருமகன், அஃதாவது தமக்கையாரின் மகன், சில நிமிடங்களில் அதைக் கழற்றினான். திருகாணிகள் யாவற்றையும் ஒரு தேநீர்க் கோப்பைக்குள் இட்டான். கதிரையைப் பொருத்திய நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்தபோது, பூட்டித்தர ஆள் வருவதற்கு எட்டு நாட்கள் ஆகும் என்றார்கள்.

எட்டு நாட்கள் நமக்கு ஒரு பொருட்டன்று. அக்காவுக்கோ, அவை தம் படுக்கையும், குளியலறையும், சுவாமிப் படங்கள் வைத்திருக்கும் சிறிய அறையும் இல்லாத எட்டு நாட்கள். இருக்கும் அறையின் நீள் ஆசனத்திலே அவர் படுத்தார். ஒரு முறை குந்திக் குந்திப் படியேற முயன்று, நான்காம் படியிலே களைத்து, எவரையும் கூப்பிடாமல் அப்படியே இருந்ததை நான் கண்டேன். பிறருக்குத் தொல்லையாகிவிட்டோம் என்ற எண்ணம் அவர் முகத்திலே தெரிந்தது. அன்றே நானும் மருமகனும் இருக்கையை நாங்களே பூட்டுவதென்று தீர்மானித்தோம்.

தீர்மானிக்குமுன் இரண்டு செய்திகளை உறுதிசெய்துகொண்டோம். முதலாவது, கதிரை எவருடையது என்பது. இங்கிலாந்தில் உடல் இயலாதோருக்கு வீட்டை ஏற்றதாக மாற்றியமைக்க உள்ளூராட்சி மன்றங்கள் 30,000 பவுண் வரை உதவித்தொகை வழங்கும் ஏற்பாடு உண்டு. அவ்வழியாகவும் பலர் இக்கதிரைகளைப் பெறுகின்றனர். வாடகைக்குப் பெற்ற கதிரையானாலும், உத்தரவாதக் காலம் முடியாத கதிரையானாலும், அனுமதியின்றி நாம் கைவைத்தால் நிறுவனத்தார் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ளக்கூடும். எங்கள் கதிரையோ சொந்தப் பணத்தில் வாங்கப்பட்டது. உத்தரவாதக் காலமும் கடந்திருந்தது. இரண்டாவது, அந்த மாதிரிக்குரிய கைந்நூல் எங்களிடம் இருந்தது. கைந்நூல் இல்லாதவர் இவ்வேலையில் இறங்குதல் ஆகாது. ஏனெனில், சில மாதிரிகளில் இருக்கையின் தண்டு வண்டியிலுள்ள குழிக்குள் இறங்குகின்றது. வேறு சிலவற்றில் இருக்கை ஒரு சுழல்தட்டின் மேல் திருகாணிகளாற் பூட்டப்படுகின்றது. ஒன்றின் முறை மற்றொன்றுக்குப் பொருந்தாது.

இனி, வேலையின் ஒழுங்கைக் காண்போம். வண்டியைக் கழற்றுவதற்கு முன்னரே படிக்கட்டின் அடிக்குக் கொண்டுவந்து நிறுத்துக. அங்கே தரையில் நின்று வேலை செய்யலாம். படியில் நின்று பாரத்தைத் தூக்குவதே இவ்வேலையின் பேராபத்து. முன்னர் கூறியவாறு சுவர்ச் செருகியையும் வண்டியின் ஆளியையும் நிறுத்துக. மோதிரம், கைக்கடிகாரம், வளையல் என்பவற்றைக் கழற்றி வைக்க. பற்றறியின் இரு முனைகளையும் ஓர் உலோகம் தற்செயலாக இணைத்துவிட்டால், 24 வோல்ற்று ஒருவரைத் தாக்கிக் கொல்லாதாயினும், அவ்வுலோகம் நொடியிற் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். கழற்றுவதற்கு முன் ஒவ்வோர் இணைப்பையும் கைத்தொலைபேசியாற் படம் எடுத்துக்கொள்க. கழற்றிய திருகாணி ஒவ்வொன்றையும் அதனதன் வாசருடன் தனித்தனிக் கடித உறையில் இட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்க. என் மருமகன் செய்யாது விட்டது இதுவே.

பூட்டும்போது இருக்கையை இருவர் தூக்குதல் வேண்டும். அதன் பாரத்தைவிட அதன் உருவமே தொல்லை தருவது. கைப்பிடிகள் மடங்கித் திறந்து சமநிலையைக் குலைக்கும். ஆகவே அவற்றைத் துணியாற் கட்டிவிடுக. இருக்கையை முற்றாக இறக்குமுன், அதன் அடியிலிருந்து வரும் மின்கம்பியை வண்டியின் கம்பியோடு இணைக்க வேண்டும். கைப்பிடியில் உள்ள இயக்குபொத்தானின் செய்தியும், இருக்கை சரியாக நேராகியுள்ளதா என்ற செய்தியும் அக்கம்பி வழியாகவே செல்கின்றன. இணைப்பி ஒரு பக்கமாக மட்டுமே நுழையும்படி செய்யப்பட்டிருக்கும். நுழையாவிட்டால் திருப்பிப் பார்க்க வேண்டுமேயன்றி அழுத்துதல் கூடாது.

அடுத்தது திருகாணிகள். ஒன்றை முற்றாக இறுக்கிவிட்டு மற்றதைத் தேடுவது தவறு. எல்லாவற்றையும் முதலில் விரலாலேயே இரண்டு, மூன்று சுற்றுத் திருகுக. விரலுக்கு இணங்காத திருகாணி கோணலாக நுழைகின்றது என்பது பொருள். அதை ஸ்பானராற் பணியவைக்க முயன்றால் புரி அழிந்துவிடும். எல்லாம் ஒழுங்காகப் பிடித்த பின்னர், மூலைக்கு மூலையாக மாற்றி மாற்றி, கைந்நூல் கூறும் அளவுக்கு இறுக்குக. நைலோன் வளையம் பதித்த பூட்டுச்சுரை இருந்தால், கழற்றிய பழையதை விட்டுப் புதியதை இடுதலே நன்று. ஒருமுறை கழன்ற சுரை முன்போலப் பிடிப்பதில்லை. பின்னர், மின்சாரத்தைக் கொடுக்காமலே இருக்கையைக் கையால் முற்றாகச் சுழற்றிப் பார்த்து, கம்பி எங்கும் நசுங்காமலும் இழுபடாமலும் இருக்கின்றதா என்று நோக்குக.

இவற்றையெல்லாம் நாங்களும் செய்தோம். அல்லது செய்ததாக எண்ணினோம். மாலை ஆறு மணியளவில் வேலை முடிந்தது. நான்கு திருகாணிகளும் இறுகியிருந்தன. செருகியை இட்டு ஆளியைப் போட்டோம். சிறு விளக்கும் எரிந்தது. பொத்தானை அழுத்தினோம். கதிரை அசையவில்லை.

மருமகன் கைந்நூலைப் புரட்டினான். சுழல்தட்டின் அடியில் சிறியதோர் ஆளி இருப்பதையும், இருக்கை நேராகிப் பூட்டிக்கொண்டாலன்றி அது மோட்டாருக்கு இடங்கொடாது என்பதையும் கண்டுபிடித்தான். "மாமா, ஆளியில்தான் பழுது. இந்தச் சின்னப் பொத்தானை ஒட்டுநாடாவால் அமத்திக் கட்டிவிட்டால் ஓடும். அம்மாவை இன்றைக்கே மேலே அனுப்பலாம்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. கட்டியிருந்தால் கதிரை ஓடியேயிருக்கும். எனக்கும் அக்காவை அன்றிரவு அவருடைய படுக்கைக்கு அனுப்பிவிட வேண்டும் என்ற ஆவல் இருந்தது. என் பட்டம் கலைப் பட்டம். இயந்திரத்தைப் பற்றி அவனுடன் வாதிட என்னிடம் அறிவு இருக்கவில்லை. அப்பொழுது நீள் ஆசனத்திலிருந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "தம்பி, கதிரை நேருக்கு வரும்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்கும். இன்றைக்கு அந்தச் சத்தம் கேட்கவில்லையே" என்றார்.

நான்கு ஆண்டுகளாக நாள்தோறும் அக்கதிரையில் ஏறி இறங்கியவர் அவர். நாங்கள் இருவரும் கண்ணாற் பார்த்தோம்; அவர் செவியால் அறிந்திருந்தார். இருக்கையின் விளிம்பைப் பிடித்து அசைத்தேன். நேராக நின்றதுபோலத் தோன்றிய இருக்கை, விரலளவு இடமும் வலமும் ஆடியது. ஆளியிற் பழுது இருக்கவில்லை. இருக்கை பூட்டிக்கொள்ளவில்லை என்ற உண்மையையே அது எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

அன்றிரவு அக்கா மீண்டும் கீழேயே படுத்தார். "ஒரு இரவுதானே" என்று அவரே எங்களைத் தேற்றினார். மறுநாட் காலை வெளிச்சத்தில் இருக்கையை மீண்டும் கழற்றித் திருகாணிகளை மேசையில் அடுக்கினோம். அவற்றுள் இரண்டு சற்று நீளமானவை, இரண்டு குட்டையானவை. பின்புறத்துக்குரிய நீளத் திருகாணி ஒன்று முன்புறத்திலே பூட்டப்பட்டு, அதன் நுனி தட்டின் கீழே நீட்டிக்கொண்டு, பூட்டு நாக்குத் தன் பள்ளத்தில் விழாதவாறு தடுத்திருந்தது. தேநீர்க் கோப்பைக்குள் எல்லாவற்றையும் கலந்து போட்டதன் விளைவு இது. கைந்நூலில் உள்ள படத்தை ஒப்புநோக்கி, நிறுவனத்தாரிடமும் தொலைபேசியிற் கேட்டு உறுதிசெய்து, திருகாணிகளை இடம் மாற்றினோம். இருக்கையைச் சுழற்றி நேராக்கியபோது, டக்கென்ற அந்த ஓசை கேட்டது. அக்கா சிரித்தார்.

அந்த ஆளியை ஒட்டுநாடாவாற் கட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். படிக்கட்டின் உச்சியை அடைந்ததும் இருப்பவர் இருக்கையை மேல்தளத்தின் பக்கமாகத் திருப்பி, அது பூட்டிக்கொண்டபின் எழுந்து இறங்குவதே முறை. முதுகுப்புறத்திலே பதின்மூன்று படிகள் பள்ளமாகக் கிடக்கும் இடம் அது. எழுவதற்காகக் கைப்பிடியை ஊன்றும் வேளையில் இருக்கை தானாகத் திரும்பினால், 74 வயது முதியவர் எதைப் பற்றிக்கொள்வார்? ஆதலால், இவ்வேலையில் நான் கற்ற தலையான பாடம் இது: கதிரை ஓட மறுக்கும்போது, அதை ஓடவைப்பது எப்படி என்று கேட்காமல், ஏன் மறுக்கின்றது என்று கேட்க வேண்டும். காப்பு ஆளி எதையும் எக்காரணம் கொண்டும் கட்டிவைத்தல் ஆகாது.

இருக்கை பூட்டிக்கொண்டதும் முதியவரை அதில் அமர்த்திவிடலாமா? அதுவும் கூடாது. முதலில் வெறுங்கதிரையைச் சோதித்தல் வேண்டும். அழைப்புக் கருவியால் அதைச் சில அடி தூரம் ஏற்றி, பொத்தானிலிருந்து விரலை எடுக்க. உடனே நிற்க வேண்டும். மீண்டும் ஏற்றும்போது, காற்பலகையின் ஓரத்தை வெற்று அட்டைப் பெட்டி ஒன்று தொடும்படி செய்க. அப்பொழுதும் நிற்க வேண்டும். படியில் மறந்துவிடப்பட்ட பொருளையோ, விளையாடும் குழந்தையையோ மோதாமல் காப்பது அவ்வோரத்தில் உள்ள உணர்கருவியே. பின்னர் இருக்கையைப் பாதி திருப்பிவைத்துப் பொத்தானை அழுத்துக. கதிரை அசையாதிருப்பதே சரி. அதன்பின் முழுத் தூரமும் ஏறியிறங்கி இரு முனைகளிலும் தானாக நிற்கின்றதா, மின்னேற்றும் விளக்கு எரிகின்றதா என்று நோக்குக.

இவை யாவும் ஒழுங்காக நடந்தால், கதிரைக்குக் குறிக்கப்பட்ட பார அளவுக்கு உட்பட்ட, உடல்வலுவுள்ள ஒருவர் இடுப்புப் பட்டியை அணிந்து ஒருமுறை ஏறியிறங்குக. அந்த முதற் பயணத்தை நானே மேற்கொண்டேன். அடுத்தே முதியவரின் முறை. அப்பொழுதும் ஒருவர் உடன் நடந்து செல்க. சில நாட்கள் கழித்துத் திருகாணிகளை மறுபடியும் சோதித்தல் நன்று.

இறுதியாக, எல்லையைப் பற்றிக் கூறுவேன். இருக்கையைக் கைந்நூலின் துணையோடு கவனமுள்ள வீட்டுக்காரர் பூட்டலாம். ஆனால் வண்டியின் மூடியைத் திறத்தல், மோட்டாரையும் தடுப்பையும் தொடுதல், வண்டியைத் தண்டவாளத்திலிருந்து எடுத்தல், தண்டவாளத்தைப் பெயர்த்து நடுதல் என்பன நமக்குரியவை அல்ல. மோட்டாரும் தடுப்புமே சரிவிலே வண்டியைத் தாங்கி நிற்கின்றன. அவற்றைத் தளர்த்தினால் வண்டி தன் பாரத்தாலேயே கீழ்நோக்கி ஓடிவிடக்கூடும். மிகுவேகத்தில் அதைப் பிடித்து நிறுத்தும் காப்புப் பொறியும் அங்கேயே உள்ளது. அவற்றைப் பயின்றவர்களுக்காகக் காத்திருப்பதில் எவ்வித இழிவும் இல்லை. பூட்டிய இருக்கையில் ஐயம் எஞ்சினாலும் அவ்வாறே காத்திருக்க வேண்டும். நாங்களும் எட்டாம் நாள் வந்த தொழிலாளியைத் திருப்பி அனுப்பவில்லை. எங்கள் வேலையை அவரைக் கொண்டு சரிபார்த்துக்கொண்டோம். அவர் ஒரு திருகாணியை மட்டும் கால் சுற்று இறுக்கிவிட்டுச் சென்றார்.

அன்று மாலை அக்கா தாமாகவே கதிரையில் அமர்ந்து பட்டியைப் பூட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். கதிரை மெல்ல மேலேறியது. உச்சியில் டக்கென்ற ஓசை கேட்டது. சிறிது நேரத்தில், பல நாட்களுக்குப் பின்னர், மேலறையிலிருந்து சாம்பிராணி வாசம் படிவழியே கீழிறங்கி வந்தது.